வைத்தியர் தவறினால் வழக்காடலாமா?

நோயைப் படைத்து, அந்த நோய்க்கு மருந்தையும் படைத்த வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்! மருந்து தேடிக் கொள்ளுங்கள் என்று உம்மத்துக்கு வழிகாட்டிய கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நமது காரமடையில் மேட்டுப்பாளையம் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். நீலகிரியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் கோவைப் பெரிய ஆஸ்பத்திரிகளை நோக்கி ஆம்புலன்ஸுகள் அலறிக் கொண்டு ஓடுகின்றன. அவற்றில் செல்வோரில் மிகப் பலர் நலமடைந்து வீடு திரும்புகிறார்கள், அல்ஹம்து லில்லாஹ்! சிலர் ஜனாஸாவாகத் திரும்புகிறார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அப்படித் திரும்பிய வீடுகளில், மூன்றாம் நாள் கழிந்ததும் ஒரு கேள்வி மெல்லத் தலை தூக்குகிறது. ‘இது அல்லாஹ் விதித்த மவுத்துதானா, இல்லை, டாக்டர் கவனித்திருந்தால் பிழைத்திருப்பாரா?’

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை சுமக்கும் சகோதரர் ஒருவர், பிரசவத்துக்குப் பின் தம் தங்கையைப் பறிகொடுத்தவர், அஸருக்குப் பின் என்னிடம் இதைத்தான் கேட்டார். “ஹஜ்ரத், அத்தா பொறுமையா இருன்னு சொல்றாருங்க. மச்சான் கேஸ் போடணும்ங்கிறாரு. பசங்க ஆஸ்பத்திரிக் கண்ணாடிய ஒடைக்கணும்ங்கிறாங்க. கோர்ட்டுக்குப் போனா கத்ர எதுத்த மாதிரி ஆயிடுமாங்க? மார்க்கம் என்னங்க சொல்லுது?”

ஒரே வீட்டில் மூன்று குரல்கள்! இந்த மூன்றில் எது ஷரீஅத்தின் குரல்? இன்ஷா அல்லாஹ், இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கத்ரும் கவனக்குறைவும்

மவுத்து அல்லாஹ்வின் நாட்டப்படி குறித்த தவணையில் வருகிறது. இது நமது ஈமானின் ஒரு பகுதி. ஒருவர் இறந்தபின் ‘அப்படிச் செய்திருந்தால், இப்படிச் செய்திருந்தால்’ என்று புலம்பித் தக்தீரைக் குறை கூறுவது முஃமினுக்கு அழகல்ல. இதில் அந்த அத்தா சொன்னது சரியே.

ஆனால் இன்னொன்றையும் சிந்தியுங்கள். தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டவர், இறந்தவரின் குடும்பத்தாருக்கு திய்யத் எனும் உயிரீட்டுத் தொகையைக் கொடுக்க வேண்டும், கஃப்பாராவும் நிறைவேற்ற வேண்டும் என்று அந்நிஸாவு அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் அல்லாஹு தஆலா கட்டளையிடுகிறான். அங்கே இறந்தவரும் அவருடைய தவணை முடிந்துதான் இறந்தார். தவணை முடிந்துவிட்டது, ஆகவே கொன்றவர் மீது பொறுப்பில்லை என்று அல்லாஹ் சொல்லவில்லையே! கத்ரை எழுதியவன்தான் திய்யத்தையும் கடமையாக்கினான். எனவே, மவுத்து அல்லாஹ்வின் நாட்டம் என்று நம்புவதும், அந்த மவுத்துக்குக் காரணமானவரிடம் கணக்குக் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. ஒன்று அகீதா, மற்றொன்று ஹக்கு. கத்ரின் பெயரைச் சொல்லி அநாதைகளின் ஹக்கைப் புதைத்துவிட யாருக்கும் அதிகாரமில்லை.

நபிகளார் வகுத்த சட்டம்

வைத்தியம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சட்டம் வகுத்தார்கள். அம்ரு இப்னு ஷுஐபு அவர்கள் தம் தந்தை, பாட்டனார் வழியாக அறிவிக்கும் இந்த ஹதீது அபூதாவூது, நஸயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ‘ளாமின்’ என்பது ஹதீதில் வரும் சொல். நஷ்டத்தை ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் பொருள்.

வேறொரு நிகழ்ச்சி. பிரயாணத்தில் ஒரு தோழரின் தலையில் கல் பட்டுக் காயமாகிவிட்டது. அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. “நான் தயம்மும் செய்து கொள்ளலாமா?” என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, உமக்கு அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபம் கொண்டார்கள். அவரை இவர்களே கொன்றுவிட்டார்கள் என்று கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை எனும் நோய்க்குக் கேட்டறிவதுதானே மருந்து என்று உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இதுவும் அபூதாவூதில் உள்ளது.

பாருங்கள்! அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். மார்க்கத்தைக் காப்பதாக நினைத்துத்தான் சொன்னார்கள். நல்லெண்ணம் இருந்தது, அறிவு இருக்கவில்லை. விளைவு, ஓர் உயிர்! ‘நல்லெண்ணத்தில்தான் ஊசி போட்டேன்’ என்று சொல்லும் அரைகுறை வைத்தியருக்கு இதில் பதில் இருக்கிறது. ஆஸ்பத்திரி வேண்டாம், ஓதிப் பார்த்தால் போதும் என்று நோயாளியைத் தடுத்து நிறுத்துகிறவருக்கும், ‘திப்புன் நபவி’ என்ற பெயரில் படிப்பும் பயிற்சியும் இன்றி ரத்தம் குத்தி எடுக்கிறவருக்கும் பதில் இருக்கிறது.

இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், தொழில் செய்யவிடாமல் தடுக்கப்பட வேண்டியவர்கள் என்று மூவரைக் குறிப்பிட்டார்கள். மக்களுக்குத் தந்திரங்களைக் கற்றுக் கொடுக்கும் பொறுப்பற்ற முஃப்தி ஒருவர். வைத்தியமறியாத வைத்தியர் இன்னொருவர். வாகனமே இல்லாமல் வாடகை வாங்கும் ஏமாற்றுக்காரர் மற்றொருவர். முதலாமவர் தீனைக் கெடுக்கிறார், இரண்டாமவர் உடலைக் கெடுக்கிறார், மூன்றாமவர் பொருளைக் கெடுக்கிறார். ஆலிம்களாகிய நாங்களும் இந்தப் பட்டியலில் இருப்பதை மறக்கலாகாது.

இமாம்களின் பகுப்பு

அப்படியானால் நோயாளி இறந்தாலே டாக்டர் குற்றவாளியா? இல்லை, ஒருபோதும் இல்லை! ஹிஜ்ரி 751ல் வபாத்தான இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் ‘ஸாதுல் மஆத்’ எனும் கிரந்தத்தில் வைத்தியர்களை ஐந்து வகையினராகப் பிரித்துப் பேசுகிறார்கள்.

முதலாமவர், தொழில் கற்றுத் தேர்ந்தவர். நோயாளியின் அனுமதியோடு, முறை தவறாமல் வைத்தியம் செய்தவர். அப்படியும் உறுப்போ உயிரோ போய்விட்டால் அவர் மீது பொறுப்பில்லை. இரண்டாமவர், அறிவில்லாமல் வைத்தியம் செய்தவர். அறிந்தவர் என்று நம்பி வந்தவருக்கு அவர் ஈடு கொடுக்க வேண்டும். மூன்றாமவர், தேர்ந்தவர்தான், ஆனால் கை தவறி ஆரோக்கியமான இடத்தைச் சேதப்படுத்திவிட்டவர். இது தவறுதலாக நேர்ந்த சேதம், ஈடு உண்டு. நான்காமவர், நோயைக் கணித்து மருந்து கொடுப்பதில் பிழைத்துவிட்ட தேர்ந்த வைத்தியர். ஈட்டை பைத்துல்மால் கொடுப்பதா, அவருடைய உறவினர் குழு கொடுப்பதா என்பதில் இரு கருத்துக்கள் உள்ளன. ஐந்தாமவர், திறமைசாலியாக இருந்தும், நோயாளியிடமோ அவருடைய பொறுப்பாளரிடமோ அனுமதி பெறாமல் அறுத்துவிட்டவர்.

முறை தவறினாரா இல்லையா என்பதை எப்படி அறிவது? ஹிஜ்ரி 204ல் வபாத்தான இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ‘அல் உம்மு’ எனும் நூலில், ரத்தம் குத்தி எடுப்பவர், கத்னா செய்பவர், கால்நடை வைத்தியர் ஆகியோரைக் குறித்து ஓர் அளவுகோலைத் தருகிறார்கள். அந்தத் தொழிலை அறிந்தவர்கள், இத்தகைய நிலையில் நன்மை கருதி எதைச் செய்வார்களோ அதையே இவரும் செய்திருந்தால் பொறுப்பில்லை. அதற்கு மாற்றமாகச் செய்திருந்தால் பொறுப்புண்டு என்பது அதன் கருத்து.

1957ஆம் வருடம் இங்கிலாந்தில் போலம் என்பவரின் வழக்கு நடந்தது. அந்தத் துறையில் பொறுப்புள்ள மருத்துவர்கள் சரியென ஏற்றிருக்கும் முறைப்படி நடந்த டாக்டர், கவனக்குறைவானவர் ஆகமாட்டார் என்று அங்கே கூறப்பட்டது. நமது நாட்டு நீதிமன்றங்களும் அந்த அளவுகோலை இன்றுவரை கையாளுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நமது இமாம் சொல்லி வைத்ததற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம், பார்த்தீர்களா!

இது ஏட்டோடு நின்ற சட்டமும் அல்ல. ஹிஜ்ரி 319ல் பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒருவர் இறந்துவிட்ட செய்தி கலீஃபா முக்ததிரை எட்டியது. தலைமை வைத்தியர் ஸினான் இப்னு தாபித் பரீட்சை செய்து அனுமதி கொடுக்காத எவரும் வைத்தியம் செய்யக்கூடாது என்று உத்தரவு பிறந்தது. 860க்கும் மேற்பட்டவர்கள் அப்போது பரீட்சிக்கப்பட்டதாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

நமது நாட்டு நீதிமன்றங்கள்

இந்தியாவின் சட்டம் ஷரீஅத் சட்டமல்ல. ஆயினும் டாக்டர்கள் மீதான வழக்குகளில் சுப்ரீம் கோர்ட்டு நடந்துவந்த பாதையைப் பார்த்தால், மேலே சொன்ன பகுப்புகளை நினைவூட்டும் இடங்கள் பல உள்ளன.

1953ல் 20 வயது வாலிபர் ஒருவரின் தொடை எலும்பு முறிந்தது. சரியாக மயக்க மருந்து கொடுக்காமல், பலத்தைப் பிரயோகித்து எலும்பை இழுத்து வைத்ததால் அதிர்ச்சியில் அவர் இறந்தார். 1968ல் சுப்ரீம் கோர்ட்டு டாக்டரின் மூன்று கடமைகளை வரையறுத்தது. இந்த நோயாளியை ஏற்பதா என்று முடிவு செய்வதில் கவனம் வேண்டும். என்ன சிகிச்சை என்று முடிவு செய்வதில் கவனம் வேண்டும். அந்தச் சிகிச்சையைச் செய்வதிலும் கவனம் வேண்டும். மூன்றில் எதில் தவறினாலும் நோயாளிக்கு வழக்குத் தொடுக்க உரிமையுண்டு. அன்று அந்தத் தகப்பனாருக்குக் கிடைத்த நஷ்டஈடு 3,000 ரூபாய்.

பின்பு 1995 நவம்பர் 13ந் தேதி, இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பாயிற்று. அதுவரை டாக்டர் மீது வழக்கென்றால் சிவில் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும், ஏழையால் முடியாது. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வக்கீல் இல்லாமலேகூட மனுக் கொடுக்கலாம். எவரிடமும் கட்டணம் வாங்காமல் முற்றிலும் இலவசமாக நடக்கும் ஆஸ்பத்திரிகள் இதற்கு வெளியே நிற்கின்றன. அவற்றின் மீது குறையிருந்தால் சிவில் கோர்ட்டையோ ஹைகோர்ட்டையோ நாடலாம்.

அறியாத வைத்தியர் விஷயம் என்னாயிற்று? ஹோமியோபதி படித்த ஒருவர், காய்ச்சலில் கிடந்த மனிதருக்கு அலோபதி மருந்துகளைக் கொடுத்தார். நோயாளி 1992ல் இறந்தார். ஒரு முறையைப் படித்துவிட்டு, படிக்காத வேறொரு முறையில் வைத்தியம் செய்வதே கவனக்குறைவுதான், அதற்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை என்று 1996ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ‘வைத்தியம் அறிந்தவர் என்று அறியப்படாதவர்’ என்ற ஹதீதின் கருத்தை இங்கே நினைத்துப் பாருங்கள்!

அனுமதி விஷயம்? டில்லியில் பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே நின்ற வயதான தாயாரிடம் மட்டும் சம்மதம் கேட்டுவிட்டு அகற்றிவிட்டார்கள். வயது வந்த நோயாளி மயக்கம் தெளியும்வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும், உயிருக்கு அவசர ஆபத்து எதுவுமில்லையே என்று 2008ல் தீர்ப்பு வந்தது. இமாம் சொன்ன ஐந்தாம் வகை இதுவன்றோ!

நமது மாநிலத்தின் வழக்கொன்றும் உண்டு. 1996ல் சென்னை எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் குறைப்பிரசவத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். பல நாட்கள் பிராணவாயு கொடுத்துக் காப்பாற்றினார்கள். குறைமாதக் குழந்தைகளின் கண் விழித்திரை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. குறித்த காலத்தில் கண்களைச் சோதித்திருந்தால் பார்வையைக் காப்பாற்ற வழியிருந்தது. சோதிக்கவுமில்லை, சோதிக்க வேண்டுமென்று பெற்றோருக்குச் சொல்லவுமில்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய ஆணையம் 5 லட்சம் ரூபாய் அளித்தது. தகப்பனார் மேலும் போராடினார். 2015 ஜூலை 1ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. அதில் பெரும்பகுதி அரசின் மீது விதிக்கப்பட்டது. பைத்துல்மால் பொறுப்பேற்பது என்று இமாம்கள் பேசியதை இங்கே எண்ணிப் பாருங்கள். ஆனால் இன்னொன்றையும் எண்ணுங்கள்: தீர்ப்பு வரும்போது அந்தக் குழந்தைக்கு வயது 18 நிறைந்துவிட்டது. 1998ல் கல்கத்தாவில் சிகிச்சை பெற்ற ஒரு பெண் இறந்த வழக்கில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் தீர்ப்பானது 2013ல், பதினைந்து ஆண்டுகள்! வழக்காடப் போகிறவருக்கு ஸப்ரு வேண்டியதில்லை என்று யார் சொன்னார்கள்?

சிறையா, ஈடா?

ஷரீஅத்தில், வேண்டுமென்றே செய்த கொலைக்கும் தவறுதலாக நேர்ந்ததற்கும் வேறுபாடு உண்டு. பின்னதில் பழிக்குப் பழி இல்லை, ஈடுதான். நமது நாட்டு நீதிமன்றங்களும், டாக்டரின் தவறை எளிதில் கிரிமினல் குற்றமாக்க இடம் தருவதில்லை.

1995ல் லூதியானாவில் மூச்சுத் திணறிய ஒரு முதியவருக்கு வைக்கப்பட்ட பிராணவாயு சிலிண்டர் காலியாக இருந்தது. மாற்றுச் சிலிண்டர் கொண்டு வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். டாக்டர்கள் மீது கிரிமினல் வழக்குப் பதிவாயிற்று. ஜேக்கப் மேத்யூ வழக்கு என்று பெயர் பெற்ற இதில், 2005 ஆகஸ்ட் 5ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கிரிமினல் வழக்கை ரத்துச் செய்தது. சிலிண்டரைத் தயாராக வைக்காததற்கு ஆஸ்பத்திரி நஷ்டஈடு கொடுக்க வேண்டி வரலாம்; ஆனால் டாக்டர்களைச் சிறைக்கு அனுப்ப, சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கொடிய கவனக்குறைவு இருக்க வேண்டும் என்றது. புகாரை விசாரிக்கும் போலீஸார், அதே துறையிலுள்ள நடுநிலையான டாக்டரின், முடிந்தவரை அரசு டாக்டரின், கருத்தைப் பெற வேண்டும். புகார் வந்தவுடன் வழக்கம்போலக் கைது செய்துவிடக் கூடாது என்றும் நெறிகள் வகுத்தது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய ஸன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சை செய்கையில் நேர்ந்ததற்கு இரண்டாண்டு வரை.

டாக்டர்களுக்கு ஏன் இந்தச் சலுகை என்று சிலர் கேட்கிறார்கள். சிந்தியுங்கள்! ஒவ்வொரு மரணத்துக்கும் சிறை என்றால், உயிர் ஊசலாடும் நோயாளியைத் தொட எந்த டாக்டர் துணிவார்? ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போலாவார் என்று அல்மாயிதா அத்தியாயத்தில் அல்லாஹ் சிறப்பித்த பணியல்லவா அது! அந்தக் கை நடுங்கலாகாது. தவறு செய்தால் ஈடு கொடுக்கட்டும். அச்சத்தால் பணியைக் கைவிட வேண்டாம். நோயாளியின் ஹக்கும் டாக்டரின் ஹக்கும் இரண்டும் காக்கப்பட வேண்டும்.

இங்கேதான் கண்ணாடியை உடைக்கத் துடிக்கும் வாலிபர்களுக்கும் பதில் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று அதே அத்தியாயம் எச்சரிக்கிறது. ஆஸ்பத்திரியில் கலாட்டா செய்பவர், அடுத்த வார்டில் படுத்திருக்கும் ஒன்றுமறியாத நோயாளிக்கு அநீதி செய்கிறார். ஆஸ்பத்திரிகளையும் அங்கு பணி செய்வோரையும் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஹக்குக் கேட்க வேண்டிய குடும்பம், இப்படிச் செய்து தானே குற்றவாளிக் கூண்டில் ஏறலாமா?

வழக்காடுபவர் பேண வேண்டியவை

ஆதாரம் வாதி மீது கடமை, மறுப்பவர் மீது சத்தியம் கடமை என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்த நீதி முறை. அழுகை ஆதாரமாகாது. ஆகவே முதல் வேலை, காகிதங்களைச் சேர்ப்பது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தில் மிக நீண்ட வசனத்தை இறக்கியவனல்லவா நம் ரப்பு! மருந்துச் சீட்டு, பில், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டுமென்பது டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. எழுத்து மூலமாகக் கேளுங்கள். நகலை வைத்துக் கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை.

அடுத்து, அறிந்தவர்களிடம் கேளுங்கள். அந்தக் காகிதங்களை, அதே துறையைச் சேர்ந்த இறையச்சமுள்ள வேறொரு டாக்டரிடம் காட்டி, நடந்தது முறையா என்று கேளுங்கள். முறைதான் என்று அவர் விளக்கினால் மனம் ஆறிவிடும், வழக்கும் வேண்டியதில்லை. எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது; மலேரியாவுக்கு டைபாய்டு மருந்து கொடுத்த வழக்கு அது. ஆயினும் சிக்கலான விஷயங்களில் நிபுணரின்றி உண்மை விளங்காது.

மூன்றாவது, ஜனாஸாவைப் பற்றியது. மய்யித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றதென்று ஹதீதில் வந்திருப்பதால், பிரேதப் பரிசோதனை என்றாலே நமது மக்கள் பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் ஈமானின் அடையாளமே. காரணமின்றி மய்யித்தை அறுப்பது கூடாது. ஆனால் மரணத்தின் காரணத்தில் உண்மையான சந்தேகம் இருந்து, வேறு வழியில் அது விளங்காது என்றால், அவசியம் கருதி அனுமதியுண்டு என்று ஹிஜ்ரி 1408ல் (1987) மக்காவில் கூடிய ஃபிக்ஹு சபை முடிவு செய்தது. அவசரமாக அடக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கப்றைத் தோண்டச் சொல்லி மனுப் போடுவதைவிட, அன்றே ஆலிம்களிடமும் டாக்டரிடமும் கலந்து முடிவு செய்வது மய்யித்துக்குச் செய்யும் கண்ணியமாகும்.

நான்காவது, பொய் கலவாதீர்கள். வாதத் திறமையால் ஒருவர் தம் பக்கம் தீர்ப்பை வாங்கிவிட்டாலும், சகோதரனுடைய ஹக்கிலிருந்து அவருக்குக் கிடைப்பது நரக நெருப்பின் துண்டுதான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது. நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், ஆணையத்தின் தீர்ப்பு ஆக்குமா? ‘சத்தம் போட்டால் ஆஸ்பத்திரிக்காரன் பணம் தருவான், பாதி உனக்குப் பாதி எனக்கு’ என்று வரும் தரகர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். டாக்டர் மீது தவறில்லை என்று தெரிந்தும் மிரட்டி வாங்கும் ஒரு லட்சமும் ஹராம். மய்யித்தின் பெயரால் வாங்கிய ஹராம்!

இதே ஹதீது மறுபக்கத்துக்கும் பொருந்தும். நேற்று எழுதாத குறிப்பை இன்று எழுதிச் சேர்க்கும் டாக்டரும், சாட்சியத்தை மறைக்கும் நர்ஸும், ‘நம்ம ஆள்’ என்பதற்காக உண்மையை விழுங்கும் நிபுணரும் அதே நெருப்பைத்தான் அள்ளுகிறார்கள். உங்களுக்கே பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது அந்நிஸாவு அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தின் கட்டளை. டாக்டர்களாக உள்ள நமது பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தவறு நேர்ந்தால் அந்த வீட்டாரின் முகத்தைப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். ‘எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே’ என்ற வேதனைதான் பல வழக்குகளின் விதை.

ஈட்டுப் பணமும் மன்னிப்பும்

உண்மையான தவறுக்காகக் கிடைக்கும் நஷ்டஈடு ஹலாலே. ‘உயிரை விற்ற காசு’ என்று கூசத் தேவையில்லை. திய்யத்தை அல்லாஹ்வே விதித்திருக்கிறான். ஆனால் அந்தப் பணம் யாருக்குரியது? மூத்த மச்சான் அலைந்தார் என்பதற்காக அவருடைய பணமாகிவிடாது. திய்யத் வாரிசுகளுக்குரியது. விதவை, பெற்றோர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு. இன்ன இன்னாருக்கென்று ஆணையம் குறிப்பிட்டு அளித்த தொகையென்றால், தீர்ப்பைக் காட்டி ஆலிம்களிடம் கேட்டுப் பங்கிடுங்கள். அநாதையின் சொத்தை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பை உண்கிறார் என்ற இறை எச்சரிக்கையைப் படிக்காத வீடு நம்மில் எது?

மன்னிப்பு? அதுவும் திய்யத் வசனத்திலேயே இருக்கிறது; குடும்பத்தார் தர்மமாக விட்டுக் கொடுத்தாலன்றி என்று அல்லாஹ் வாசலைத் திறந்து வைத்திருக்கிறான். உண்மை தெரிந்தபின், மனமுவந்து மன்னிப்பது மிக உயர்ந்த அமல். ஆனால் மன்னிக்கும் உரிமை வாரிசுகளுக்குரியது, ஜமாஅத்துப் பெரியவர்களுக்குரியதல்ல. ‘பெரிய இடத்து ஆஸ்பத்திரி, எதற்கு வம்பு’ என்று சொல்லி ஒரு விதவையை மிரட்டிக் கையெழுத்து வாங்குவது சமரசமல்ல, அநீதி. பருவமடையாத பிள்ளைகளின் பங்கை விட்டுக் கொடுக்க அவர்களின் பொறுப்பாளருக்கும் அதிகாரமில்லை.

ஆகவே, அந்த வீட்டின் மூன்று குரல்களுக்கும் பதில் இதுதான். கண்ணாடியை உடைப்பது ஹராம். பொறுமை கடமை, ஆனால் பொறுமை என்பது வாய் மூடிக் கிடப்பதல்ல, கோபம் வந்தபோதும் நீதியின் எல்லைக்குள் நிற்பது. வழக்கு அனுமதிக்கப்பட்டது, சின்னஞ்சிறு வாரிசுகளின் ஹக்கு அதில் அடங்கியிருந்து, ஆதாரமும் கையிலிருந்தால், அதைத் தேடிக் கொடுப்பது பொறுப்பாளரின் அமானிதமாகவே ஆகிவிடுகிறது. அந்தச் சகோதரரிடம் சொன்னதும் இவ்வளவுதான்: “முதலில் காகிதங்களை வாங்குங்கள். அறிந்த டாக்டரிடம் காட்டுங்கள். தவறில்லை என்றால் அத்தா சொன்னபடி துஆச் செய்யுங்கள். தவறென்றால் அந்தப் பச்சைக் குழந்தைக்காக ஆணையத்தின் படியேறுங்கள். படியேறும்போதும் துஆச் செய்யுங்கள்.”

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் வைத்தியர்களுக்கு அறிவையும் அமானிதத்தையும் தருவாயாக! எங்கள் நீதிபதிகளுக்கு நேர்மையைத் தருவாயாக! அநீதி செய்பவர்களாகவும், அநீதியைக் கண்டு மௌனமாக இருப்பவர்களாகவும் எங்களை ஆக்கிவிடாதே! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!